போர் வியூக விளையாட்டைப் புதுப்பிக்கும்போது எதைத் தொலைத்துவிடக் கூடாது?

பெங்களூரில் கேம் ஸ்டூடியோக்களிலும் ஐடி கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், சனி ஞாயிறுகளில் சொந்தமாகப் போர் வியூக விளையாட்டுகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1994-இல் வந்த பான்சர் ஜெனரல் மாதிரியான அறுகோணக் கட்ட ஆட்டம் ஒன்றின் மேல் உள்ள பிரியத்தில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. அதே ஆட்டத்தை இன்றைய கிராஃபிக்ஸில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இண்டர்ஃபேஸ் டிசைன் என் தொழில் என்பதால் இந்த மாதிரிகள் என் பார்வைக்கும் வருகின்றன. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய திரையில் என்னென்ன தகவல் இருந்தது என்று கணக்கெடுக்காமலேயே அதன் மேல் புதுப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் அடிபடுவது கவுண்டர், அதாவது ஒரு படைப்பிரிவைக் குறிக்கும் அந்தச் சின்னப் பெட்டி. பார்க்க வறட்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே பெருக்கல் குறி இருந்தால் காலாட்படை, நீள்வட்டம் இருந்தால் கவசப்படை, கரும்புள்ளி இருந்தால் பீரங்கிப்படை. பெட்டியின் தலையில் உள்ள குறி படையின் அளவைச் சொல்லும்: இரண்டு கோடு என்றால் பட்டாலியன், ஒரு பெருக்கல் குறி என்றால் அதைவிடப் பெரிய பிரிகேட், இரண்டு என்றால் இன்னும் பெரிய டிவிஷன். நேட்டோ ராணுவங்கள் பயன்படுத்தும் குறிமுறை இது. இதைத் தூக்கிவிட்டு அழகான முப்பரிமாண டாங்கி ஒன்றை வைத்தால், அது டாங்கி என்பது மட்டும்தான் தெரியும். பட்டாலியனா டிவிஷனா என்று அறிய கிளிக் செய்ய வேண்டும். மேப்பில் 60 யூனிட் இருந்தால் 60 கிளிக். கொஞ்சம் ஜூமைக் குறைத்தால் சோவியத் டாங்கியான டி-34-க்கும் ஜெர்மன் டாங்கியான பான்சர் 4-க்கும் வித்தியாசமே தெரியாது.

முப்பரிமாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016-இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் கிட்டே போனால் வீரர்களும் டாங்கிகளும் தெரியும், விலகி வந்தால் கவுண்டர்கள். சிவிலைசேஷன் 5 அவ்வளவு அலங்காரமான மேப்பை வைத்துக்கொண்டு, கூடவே ஒரு தட்டையான வியூகப் பார்வையையும் கொடுத்தது. இரண்டு பார்வைக்கும் இடம் கொடுப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

நிலத்தை வரைவதில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. நண்பர் ஒருவர் இரண்டாம் உலகப் போரில் நாகாலாந்து மலைகளில் நடந்த 1944 கோஹிமா சண்டையை எடுத்துக்கொண்டு அருமையாக மலைகளைச் செதுக்கியிருந்தார். பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருப்பதால், அந்த வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தமிழ் ராணுவத்தினர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு சுபேதாரிடம் லேப்டாப்பைக் காட்டினோம். ஆயுள் முழுக்க மேப் படித்தவர். ஒரு முகட்டின் மேல் விரலை வைத்து, “தம்பி, இது மேடா, ஓடையா?” என்று கேட்டார். சொன்ன பிறகு பார்த்தால் எங்களுக்கும் அது ஓடையாகத்தான் தெரிந்தது.

காரணம் வெளிச்சம். கோஹிமா கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கேதான் நிற்கும். நண்பர் நிஜத்துக்கு விசுவாசமாக ஒளியைத் தெற்கிலிருந்து, அதாவது திரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து பாய்ச்சியிருந்தார். நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டுவிடும். நிலவரைபடம் வரைபவர்கள் வடமேற்கிலிருந்து, திரையில் சொன்னால் இடது மேல் மூலையிலிருந்து, ஒளி விழுவதாக வைத்து நிழல் போடுவது இதற்காகத்தான். வடகிழக்கு மலையில் அந்தத் திசையிலிருந்து நண்பகல் வெயில் அடிக்காது. ஆனாலும் மேப்புக்கு அதுதான் சரி. ஒளியின் கோணத்தை மாற்றியதும் முகடு முகடாகத் தெரிந்தது. கேமராவை இஷ்டத்துக்குச் சுழற்றவிட்டால் இதே குழப்பம் திரும்ப வந்துவிடும். சுழற்ற விடுவதென்றால், ஒரே கீயில் வடக்கு மேலே வரும்படியாவது செய்யுங்கள்.

அழகைக் கெடுக்கிறது என்று அறுகோணக் கோடுகளை அழிப்பவர்களும் உண்டு. காகித ஆட்டங்களில் 1961 முதல் அறுகோணம் நிலைத்து நிற்பதற்குக் காரணம், ஆறு பக்கமும் ஒரே தூரம் என்பது. அந்தத் தூரத்தைக் கண்ணால் எண்ணத்தான் கோடு. மங்கலாக்குங்கள், வேண்டியபோது வரவையுங்கள். ஒரேயடியாக நீக்காதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்புவது அடுத்தது. சப்ளை, அதாவது உணவும் எரிபொருளும் குண்டுகளும், கிடைக்கும் யூனிட்டுக்குப் பச்சை, கிடைக்காததற்குச் சிவப்பு என்று வைத்துவிட்டால், இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவருக்கு ஆட்டமே மூடிப்போகும். நேட்டோ முறையில் நட்புப் படைக்கு நீலச் செவ்வகம், எதிரிக்குச் சிவப்புச் சாய்சதுரம் என்று உருவமும் மாறும். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தால் உங்கள் மேப் எவ்வளவு தாங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இனி எண்கள். சுத்தமான திரை வேண்டும் என்று எண்களை எல்லாம் மெனுவுக்குள் மெனுவாகப் புதைக்கிறார்கள், அல்லது தூக்கியே விடுகிறார்கள். இந்த வகை ஆட்டக்காரருக்கு எண்தான் உயிர். எப்போது, எங்கே காட்டுகிறோம் என்பதில்தான் டிசைன் இருக்கிறது. 2011-இல் வந்த யூனிட்டி ஆஃப் கமாண்ட் இதற்கு நல்ல பாடம். தாக்கும் முன் எதிரி மேல் மவுஸை வைத்தால் இரு பக்க இழப்பு எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு அங்கேயே தெரியும். சப்ளை எதுவரை எட்டும் என்பது மேப்பிலேயே தெரியும். 2018-இன் இன்டு தி பிரீச் இன்னும் ஒரு படி மேலே போய், எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதையே கட்டத்தில் வரைந்துவிட்டது. ஆழமான விவரம் வேண்டியவருக்கு, டூல்டிப்புக்குள் (மவுஸை வைத்தால் எழும் குறிப்புப் பெட்டி) இன்னொரு டூல்டிப் திறக்கும் முறையை 2020-இல் குரூசேடர் கிங்ஸ் 3 நன்றாகச் செய்து காட்டியது.

அனிமேஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தவும் வேகப்படுத்தவும் வழி இருந்தால் போதும். ஐகானைப் பிக்சல் கணக்கில் நிரந்தரமாக வைக்காதீர்கள். 1080 மானிட்டரில் சரியாக இருப்பது அதே அளவு 4கே மானிட்டரில் பாதி அகலமாகச் சுருங்கிவிடும்.

தமிழில் ஆட்டத்தைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். யூனிட்டி என்ற கேம் இன்ஜினில் (ஆட்டங்களை உருவாக்கும் மென்பொருள்) எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ நம் எழுத்துகளைத் தானாகக் கோத்துத் தருவதில்லை. ‘தெற்கு’ என்று கொடுத்தால் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், றகரத்தின் கொம்பு போல நிற்கும். ‘கு’ ஒட்டாமல் ககரம் தனி, உகரக் குறி தனி என்று பிரிந்துவிடும். அதற்குத் தனி பிளக்இன் தேட வேண்டும், இல்லையென்றால் 2023-இல் வந்த கோடோ 4 மாதிரி எழுத்துகளைக் கோக்கும் வசதியை உள்ளேயே வைத்திருக்கும் இன்ஜினை எடுக்க வேண்டும். அப்புறம், தமிழ்ச் சொற்கள் பல நேரம் ஆங்கிலத்தை விட நீளம். மெனு எல்லாம் முடித்த பிறகு தமிழைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ‘பொறியாளர் படைப்பிரிவு’ எந்தப் பட்டனிலும் அடங்காது. முதல் வாரத்திலேயே அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்து, அதற்கேற்ப பட்டனின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.