ஊட்டிக் குளிர் மட்டும் பிராசசருக்குப் போதாது

வெளியே 10 டிகிரிதானே என்று என் கம்ப்யூட்டரின் பழைய ஐ5-2500கே பிராசசர் வேகத்தை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன்; வெப்பம் 90 டிகிரியைத் தொட்டது. இங்கே 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, ஃபேன் அள்ளிப்போகும் சூடும் குறைவுதான். கூலரைக் கழற்றினால், பிராசசர் சூட்டை அதற்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. தகடுகளுக்கிடையே ஸ்வெட்டர் பஞ்சு வேறு! துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஆட்டோ வைத்திருந்த பிராசசரின் 1.35 வோல்ட்டைப் படிப்படியாக 1.25-க்கு இறக்கினேன். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால் இதிலேயே சுமார் 14 சதவீதம் மிச்சம். ஒவ்வொரு படியிலும் பிராசசருக்கு முழுச்சுமை கொடுக்கும் பிரைம்95 சோதனை மென்பொருளை அரைமணி நேரம் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் நின்றுபோய் நீலத்திரை வந்தால் 0.01 வோல்ட் கூட்டுங்கள். முழுச்சுமையில் 80 டிகிரிக்குள் நின்றால் சரி. ராத்திரி ஜன்னலை அடைத்து ஹீட்டர் போடும் வீடு என்றால், அப்போதும் ஒருமுறை சோதியுங்கள்.