டெவலப்பர் மாநாட்டுக்குச் சொல் பொறுக்கப் போவது எப்படி

நான் ப்ராடக்ட் மார்க்கெட்டிங்கில் இருக்கிறேன். ஒன்பது வருடங்களாக டெவலப்பர்கள் பயன்படுத்தும் கருவிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பது லாக் (மென்பொருள் ஓடும்போது தானே எழுதிவைக்கும் குறிப்புகள்) தேடும் கருவி ஒன்று. எனக்குக் கோடு (நிரல்) எழுதத் தெரியாது. படித்தால் ஓரளவு பிடிபடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "டெவலப்பர் மாநாட்டுக்கு அனுப்புறாங்கக்கா. அங்க போய் நான் என்ன பண்றது?"

சொல் பொறுக்கிக்கொண்டு வா என்பேன். டெவலப்பர்கள் தங்கள் சிக்கலை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், எதை முதலில் சொல்கிறார்கள், எந்த இடத்தில் குரல் ஏறுகிறது என்பதெல்லாம் மீட்டிங் அறையில் உட்கார்ந்து யோசித்து வருவதில்லை. மாநாட்டில் அது காற்றில் மிதக்கிறது. அதைப் பிடிக்கும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முன்

டிக்கெட் உறுதியானதும் நிகழ்ச்சி நிரலை எடுத்து, உரைச் சுருக்கங்களை ஒன்றுவிடாமல் படியுங்கள். தலைப்பு மட்டும் போதாது. சுருக்கங்களைப் பேச்சாளர்களே எழுதி அனுப்பியிருப்பார்கள். தேர்வுக் குழுவில் இருக்கும் சக டெவலப்பர்களை நம்பவைக்க எழுதியவை அவை. அதனால் தொழிலுக்குள் உண்மையாகப் புழங்கும் சொற்கள் அங்கே கிடைக்கும். நான் வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதிக்கொள்வேன். போன முறை என் பட்டியலில் 'குறைத்தோம்', 'கைவிட்டோம்', 'பழையதற்கே திரும்பினோம்' என்ற பொருளில் வரும் சொற்கள் மறுபடி மறுபடி வந்தன. எங்கள் இணையதளத்தில் இருந்ததோ 'மேம்படுத்துங்கள்', 'விரைவுபடுத்துங்கள்'. பாரத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தேடிக்கொண்டிருந்தவர்களிடம், இன்னும் ஒன்றைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மாநாட்டுக்குக் கிளம்பும் முன்பே இது தெரிந்துவிட்டது.

அடுத்தது, உங்கள் கருவியை நீங்களே நிறுவிப் பாருங்கள். எதுவும் ஏற்றப்படாத ஒரு லேப்டாப்பில், பக்கத்தில் எஞ்சினியர் யாரும் இல்லாமல், உங்கள் டாக்குமென்டேஷன் (பயன்பாட்டுக் கையேடு) சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள். கடிகாரத்தை ஓடவிடுங்கள். நான் முதன்முதலில் செய்தபோது 47 நிமிடம் ஆயிற்று. மூன்றாவது படியில் கொடுத்திருந்த கட்டளை பழைய பதிப்புக்கானது. சிவப்பில் பிழை வந்து நின்றது. அதில் மட்டும் 20 நிமிடம் போனது. "அஞ்சே நிமிஷத்துல தொடங்கலாம்" என்று எங்கள் முகப்புப் பக்கத்தில் எழுதியிருந்தவள் நான்தான். அந்த வரியை அன்றே எடுக்கச் சொன்னேன். இந்த ஒரு பயிற்சியைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் மாநாட்டில் நிறுவனத்தின் ஸ்டாலில் நிற்கும்போது இருக்கும் வித்தியாசம் பெரிது. "நிறுவுறது கஷ்டமா?" என்று ஒருவர் கேட்டால், உங்களிடம் சொந்த அனுபவம் இருக்கும்.

கோடு வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பயனர்கள் பிழைகளையும் குறைகளையும் பதியும் உங்கள் கருவியின் இஷ்யூ பக்கத்துக்குப் போய், அதிகம் பேர் கருத்து எழுதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, முதல் பத்தைப் படியுங்கள். ஸ்டாலுக்கு வருகிறவர்கள் கேட்கப்போவதில் பாதி அங்கேயே இருக்கும்.

லைசென்ஸ், அதாவது மென்பொருளை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைகள் பற்றி நிச்சயம் கேட்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மார்க்கெட்டிங் ஆட்கள் இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். பலர் தங்கள் மென்பொருளுக்கு அடித்தளமாக வைத்திருந்த கருவிகள் சில லைசென்ஸை இறுக்கின. தரவுத்தளமான மோங்கோடிபி 2018-இல் தன் லைசென்ஸை மாற்றியது. தேடல் கருவி தரும் எலாஸ்டிக் 2021-இல் மாற்றியது. சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் மாறியது. அதன் பழைய கோடிலிருந்து பிரிந்து, ஓப்பன் சோர்ஸாகவே தொடரும் ஓப்பன்டோஃபு வந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் மாறியது, அதிலிருந்து அதே போல வால்கி பிரிந்தது. நம்பிக் கட்டிய அஸ்திவாரத்தின் நிபந்தனைகள் நடுவழியில் மாறியதைப் பார்த்த ஒரு தலைமுறை உங்கள் முன்னால் நிற்கிறது. "இது ஓப்பன் சோர்ஸா?" என்று அவர்கள் கேட்கும்போது, "நாளைக்கு நீங்களும் மாத்துவீங்களா?" என்பதும் அதற்குள் இருக்கிறது. கோடு படிக்கக் கிடைத்தாலே அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது; யாரும் அதைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதி இருக்க வேண்டும். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் வைத்திருக்கும் வரையறையில் பத்து நிபந்தனைகள் உண்டு. ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். உங்கள் கருவியின் லைசென்ஸ் பெயர், அது எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதை மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழகுங்கள். தெரியாமல் 'ஓப்பன் சோர்ஸ்' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

எந்த மாதிரி மாநாடு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் ஐ/ஓ போல ஒரு நிறுவனம் தன் தளத்துக்காக நடத்துவது ஒரு வகை. அங்கே அறிவிப்புகளைக் கவனியுங்கள். உங்கள் கருவி செய்கிற வேலையை அந்தத் தளமே இனி இலவசமாகச் செய்யப்போகிறது என்ற செய்தி மேடையிலிருந்து வரலாம். பைத்தான் மொழிக்கான பைகான், பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஓப்பன் சோர்ஸ் மாநாடான ஃபாஸ்டெம் போன்றவை சமூகமே நடத்துபவை. ஃபாஸ்டெமுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. தன்னார்வலர்கள் தூக்கி நிறுத்தும் கூட்டம் அது. அங்கே விற்பனைப் பேச்சு எடுத்தால் ஆட்கள் விலகிப் போவார்கள், அது நியாயமும்கூட. அங்கே போனால் காதை மட்டும் கொண்டுபோங்கள்.

அரங்கில்

மேடையில் நடக்கும் உரையை விட, உரை முடிந்தபின் வரும் கேள்விகளுக்கே என் நோட்டில் அதிக இடம். பதில்களை எழுதமாட்டேன்; வீடியோவில் பிறகு கிடைத்துவிடும். கேள்விகளைக் கேட்டவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுவேன். திருத்தி அழகாக்கினால் அதன் பயன் போய்விடும்.

லைட்னிங் டாக் எனப்படும் ஐந்து நிமிட உரைகளின் நேரத்தில் பெரும்பாலான மார்க்கெட்டிங் ஆட்கள் மின்னஞ்சல் பார்க்க வெளியே போய்விடுகிறார்கள். போகாதீர்கள். மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரு பெட்டியில் (கன்டெய்னர்) அடைத்து ஓட்டும் டாக்கர் என்ற கருவி வெளியுலகுக்கு முதலில் காட்டப்பட்டது 2013 பைகானில், அப்படி ஒரு ஐந்து நிமிட இடத்தில்தான். அதை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் ஒரு டெர்மினலை (கட்டளை தட்டும் திரை) திறந்து, கன்டெய்னருக்குள்ளிருந்து 'ஹலோ வேர்ல்டு' அச்சிட்டுக் காட்டினார். அந்த வீடியோவை என் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கருவி என்ன செய்யும் என்பதை அது வேலை செய்வதைக் கொண்டே விளக்க ஐந்து நிமிடம் போதும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அது.

தாழ்வாரத்தில்

மாநாட்டின் பாதி தாழ்வாரத்தில் நடக்கிறது. மென்பொருள் கையேடுகளை இணையத்தில் வைக்க உதவும் ரீட் த டாக்ஸ் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் பேக்மேன் விதி என்று ஒன்றை எழுதினார்: வட்டமாக நின்று பேசும்போது பேக்மேன் வீடியோ கேமில் வரும் வட்ட உருவத்தின் திறந்த வாய் போல ஓர் ஆள் நுழைய இடம் விட்டு நில்லுங்கள். பல மாநாடுகளில் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். அந்த இடைவெளி புதியவருக்கான அழைப்பு. தயங்காமல் போய் நில்லுங்கள். முதல் சில நிமிடங்கள் பேசாமல் கேளுங்கள். லேப்டாப்பைத் திறந்து ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பவரை விட்டுவிடுங்கள். அவருக்கு ப்ரொடக்‌ஷனில் (மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சேவையில்) ஏதாவது விழுந்திருக்கலாம், அதாவது ஓடாமல் நின்றிருக்கலாம்.

நீங்கள் யார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நான் சொல்வது இப்படித்தான்: "நான் கோடு எழுதறவ இல்லைங்க. ஒரு லாக் தேடற கருவிய மக்களுக்குப் புரியற மாதிரி எழுதறது என் வேலை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" இதைக் கேட்டு முகம் சுளித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டெவலப்பர் போலப் பேச முயன்ற ஒரு சக ஊழியரை அவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசவில்லை.

கேள்வி எப்போதும் நடந்து முடிந்ததைப் பற்றியதாக இருக்கட்டும். "இப்படி ஒண்ணு இருந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், அந்த ஆமாமை வைத்து எதுவும் எழுத முடியாது. "கடைசியா சர்வீஸ் விழுந்தப்போ முதல்ல எதத் திறந்து பாத்தீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் இதற்குப் பதிலாகக் கால் மணி நேரம் பேசினார். நடுவில் சொன்னார்: "ராத்திரி மூணு மணிக்கு அலர்ட் வருது. என்ன ஆச்சுன்னு அது சொல்லுது. எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல மாட்டேங்குது. அந்த ஆரம்பத்தக் கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடுது." எங்கள் கருவி அதைத்தான் செய்கிறது. நாங்கள் அதை 'ஒருங்கிணைந்த கண்காணிப்புத் தளம்' என்று எழுதி வைத்திருந்தோம்.

ஸ்டாலில் உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தால், ஓர் எஞ்சினியரோடு சேர்ந்து நில்லுங்கள். திரையில் சுழலும் விளம்பர வீடியோவை நிறுத்திவிட்டு, உண்மையான கருவியை ஓடவிடுங்கள். வருகிறவர் தானே தட்டச்சு செய்து பார்க்கட்டும். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, எஞ்சினியர் பதில் சொல்வதைக் கவனியுங்கள். என்னிடம் ஒருவர் "ஓப்பன்டெலிமெட்ரி டேட்டாவ நேரா எடுத்துக்குமா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்த எங்கள் எஞ்சினியர் சேர்த்துச் சொன்னார்: "எடுத்துக்கும். அதனால நாளைக்கு எங்கள விட்டுட்டுப் போகணும்னாலும் உங்க கோட்ல மாத்த வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்." வந்தவர் முகம் மலர்ந்தது. ஓப்பன்டெலிமெட்ரி என்பது லாக், மெட்ரிக் (அளவீட்டு எண்கள்), ட்ரேஸ் (ஒரு கோரிக்கை கடந்துபோன தடம்) மூன்றையும் எந்த நிறுவனத்தின் கருவிக்கும் அனுப்ப வழிசெய்யும் பொதுத் திட்டம் என்று படித்திருந்தேன். அந்தக் கேள்வி வெளியேறும் கதவைப் பற்றியது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

வருகிறவர் கழுத்தில் இருக்கும் பெயர் அட்டையை, அதாவது பேட்ஜை, ஸ்கேன் செய்து தொடர்பு விவரம் எடுக்கும் முன் கேளுங்கள். எதற்காக, என்ன அனுப்புவீர்கள் என்றும் சொல்லுங்கள். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில், ஸ்டிக்கர் எடுக்க வந்த எல்லோருடைய பேட்ஜையும் ஸ்கேன் செய்து, மறுநாளே எல்லோருக்கும் ஒரே விற்பனைக் கடிதத்தை அனுப்பினோம். "ஸ்டிக்கர்தானே எடுத்தேன்" என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். அந்த வரி இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஐரோப்பாவில் 2018 மே முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நான் கேட்காமல் செய்வதில்லை. படம் எடுப்பதற்கும் இதேதான். சில மாநாடுகளில் படம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறத்தில் லேன்யார்ட் (கழுத்துப் பட்டை) கொடுப்பார்கள்; நடத்தை விதிகளின் பக்கத்தைப் படித்துவிட்டுப் போனால் தெரியும்.

திரும்பியபின்

அன்றன்றைய குறிப்பை அன்றிரவே தட்டச்சு செய்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்தால் உங்கள் மொழி அவர்கள் மொழிமேல் படிந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது எத்தனை பேர் வாயிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஒருவர் ஆவேசமாகச் சொன்னதும், ஆறு பேர் சாதாரணமாகச் சொன்னதும் ஒரே எடை உள்ளவை அல்ல. மாநாட்டுக்கு வருகிறவர்கள் ஆர்வம் மிகுந்தவர்கள், புதியதை முயல்கிறவர்கள். வராமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பெரும்பான்மையிடம் இதே கேள்விகளைத் தொலைபேசியிலாவது கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

எஞ்சினியர்களுக்குச் சுருக்க அறிக்கை அனுப்பாதீர்கள். வாக்கியங்களை அப்படியே அனுப்புங்கள். 'பயனர்கள் நிறுவுவதில் சிரமத்தை உணர்கிறார்கள்' என்பதை யாரும் படிப்பதில்லை. 'மூன்றாவது படியில் நின்றுவிட்டேன், பதிப்பு எண் தப்பு' என்றால் அன்று மாலையே யாராவது திருத்திவிடுகிறார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஒரு பக்கத்தையாவது மாற்றுங்கள். நாங்கள் முகப்பு வரியை 'பிழை எப்போது தொடங்கியது என்று கண்டுபிடியுங்கள்' என்று மாற்றினோம். ராத்திரி மூன்று மணி அலர்ட்டைப் பற்றிச் சொன்னவர் பேச்சுவாக்கில், எங்கள் நிறுவல் பக்கத்தில் ஐந்தாவது படி குழப்பமாக இருப்பதையும் சொல்லியிருந்தார். அதையும் திருத்தினோம். தொடர்புகொள்ளலாம் என்று அவரே மின்னஞ்சல் முகவரி தந்திருந்ததால், இரண்டு வரி எழுதினேன்: நீங்கள் சொன்ன படியைத் திருத்திவிட்டோம், முகப்பில் இருக்கும் வரியும் உங்கள் பேச்சிலிருந்து எடுத்ததுதான், ஆட்சேபம் இருந்தால் எடுத்துவிடுகிறோம்.

மறுநாள் பதில் வந்தது. வரி இருக்கட்டும் என்றார். ஏழாவது படியிலும் ஒரு பிழை இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் இணைத்திருந்தார்.