ஃப்ரீசரிலிருந்து நேராக வாய்க்கா? சாக்லேட் பீனட் பட்டர் ஐஸ்கிரீமைச் சுவைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

சாக்லேட்டும் வேர்க்கடலையும் நல்ல ஜோடி என்று அமெரிக்கர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் எச்.பி. ரீஸ் என்ற மிட்டாய்க்காரர் 1928-ல், சாக்லேட்டுக்குள் பீனட் பட்டர் (அரைத்த வேர்க்கடலை விழுது) வைத்த பீனட் பட்டர் கப் மிட்டாயைக் கொண்டுவந்தார். அந்தச் சுவையை ஐஸ்கிரீமில் தேடுகிறவர்கள் இன்று ஏராளம். ஆனால் பலர் அதன் பாதி ருசியைக்கூட அறியாமல் கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

முதல் தவறு, பெரிய தவறு, அவசரம். வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், இனிப்பும் மணமும் அடங்கிக் கிடக்கும். பீனட் பட்டரின் நிலைமை இன்னும் மோசம். அதில் பாதி கொழுப்பு, தண்ணீர் மிகக் குறைவு. அதனால் பனிக்கட்டியாக உறையாது, மெழுகு மாதிரி இறுகிக்கொள்ளும். நானும் ஒருமுறை ஒரு டப்பாவைத் திறந்ததும் ஒரு ஸ்பூன் தின்றுவிட்டு, "கடலை வாசமே இல்லையே" என்று மூடி வைத்தேன். மறுநாள் பத்து நிமிடம் வெளியில் வைத்துச் சாப்பிட்டபோதுதான் வறுத்த கடலையின் மணம் மூக்கில் ஏறியது. ஸ்பூன் சிரமமில்லாமல் இறங்கி, ஓரம் லேசாகப் பளபளக்கத் தொடங்குவதுதான் சரியான நேரம். நம் ஊர் வெயிலுக்கு ஐந்து நிமிடமே போதும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஓரம் கரைந்து ஓடும், நடு அப்படியே கல்லாக இருக்கும்.

அடுத்தது, மேலாக மட்டும் வழித்துச் சாப்பிடுவது. சாக்லேட்டுக்கு நடுவே பழுப்பு மஞ்சளாக ஓடும் பீனட் பட்டர் வரியை முதலில் தனியாகக் கொஞ்சம் எடுங்கள். உப்பு எவ்வளவு, கடலை பக்குவமாக வறுபட்டிருக்கிறதா, கசக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அப்புறம் சாக்லேட் தனியாக, கடைசியில் இரண்டும் சேர்த்து. கோகோவை வறுத்தாலும் கடலையை வறுத்தாலும் பைரசீன் என்ற மணப்பொருள்கள் உண்டாகும். இந்த ஜோடி இவ்வளவு இயல்பாகப் பொருந்த அது ஒரு முக்கியக் காரணம். வாயில் போட்டவுடன் விழுங்கினால் அந்த மணம் கிடைக்காது. நாக்கால் அண்ணத்தில் அழுத்தி, கரையவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பாருங்கள்.

நறநறப்பு எல்லாவற்றையும் கடலைத் துணுக்கு என்று நினைப்பதும் தவறுதான். நாக்கில் பட்டதும் காணாமல் போனால் அது பனித்துகள். டப்பா எங்கோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. மணல் மாதிரி மெதுவாகக் கரைந்தால் அது பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் படிகமாகியிருப்பது. கரையவே கரையாமல் பல்லில் அரைபட்டுக் கடலை ருசியைத் தந்தால் மட்டுமே அது கடலை. சாக்லேட் துண்டுகள் மெழுகாகத் தோன்றினால் உடனே மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ வெண்ணெய் உருகச் சுமார் 34 டிகிரி வேண்டும், குளிர்ந்த வாயில் அதற்கு நேரம் பிடிக்கும்.

இரண்டு மூன்று வகைகளை ஒப்பிடும்போது இடையில் ஐஸ் தண்ணீர் குடிக்கிறார்கள். நாக்கில் படிந்த கொழுப்பு அதற்கு அசையாது, வெதுவெதுப்பான தண்ணீர்தான் கழுவும். லேபிளையும் பாருங்கள். இந்தியாவில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அது ஃப்ரோசன் டெசர்ட், ஐஸ்கிரீம் அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கூட்டமாகச் சுவைக்கும்போது ஒரே ஸ்பூனைக் கை மாற்றவே மாற்றாதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி போதும், உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிண்ணத்தின் அடியில் கரைந்து நிற்பதைக் கொட்டிவிடாமல் அதையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குளிர் விலகியபின் சர்க்கரையின் அளவு ஒளியாமல் தெரியும். தொண்டையில் திகட்டினால் இனிப்பு கூடுதல். அப்போதும் கோகோவின் லேசான கசப்பும் கடலையின் உப்பும் நாக்கில் நின்றால் அந்த டப்பாவை நம்பி இன்னொரு முறை வாங்கலாம்.