தானாக அலறும் கார் அலாரம்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ராத்திரி ஒரு கார் அலறத் தொடங்கினால் ஒழுங்கை முழுக்க எழும்பிவிடும். மறுநாள் கார்க்காரர் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புது அலாரம் ஒன்றை வாங்கி வருவார், வயரிங் பாஸ் அதை அதே பழைய இணைப்புகளில் சொருகித் தருவார், பிறகு சில நாளில் மறுபடியும் அதே கூத்து. அலாரப் பெட்டி பழுதாவது குறைவுதான். அதை எந்த வயரில், எப்படி இணைத்தார்கள் என்பதில்தான் அநேகமாகக் கோளாறு இருக்கும். ஆகவே காசைச் செலவழிக்க முன் ஒரு மல்டிமீட்டரோடு டாஷ்போர்டுக்குக் கீழே குனியுங்கள்.

நிறத்தை நம்பி வயரைப் பிடிப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். "வெள்ளை என்றால் மெயின்" என்று யாரோ சொன்னது அவருடைய காருக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் ஒரே மொடலிலேயே ஆண்டு மாறினால் நிறமும் மாறும். சாவியைத் திருப்பி, கதவைத் திறந்து மூடி, ஒவ்வொரு நிலையிலும் அந்த வயரில் எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பல்பு போட்ட பழைய டெஸ்ட் லேம்பை இன்றைய கார்களில் கண்ட வயரில் குத்தாதீர்கள், அது இழுக்கும் கரண்ட் கட்டுப்பாட்டு மொடியூலைப் பழுதாக்கலாம். மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், அதன் பக்கமே போக வேண்டாம். ஸ்டியரிங் பக்கம் கழற்ற வேண்டி வந்தால் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுத்திருங்கள்.

அடுத்தது எர்த், அதாவது கார் உடம்பு வழியாகப் பெட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பு. பெயின்ட் பூசிய தகட்டில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்பார்கள். சைரன் ஈனமாகக் கத்துவது, ரிமோட் கிட்டப் போனால் மட்டும் வேலை செய்வது, லொக் சிலவேளை விழாமல் போவது எல்லாம் இதிலிருந்து வரலாம். மீட்டரின் ஒரு முனையை அலாரத்தின் எர்த் வயரிலும் மற்றதைப் பெட்டரி நெகட்டிவிலும் வைத்து, சைரன் ஒலிக்கும்போது பாருங்கள். 0.1 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் ரிங் டெர்மினல் வைத்து இறுக்குங்கள்.

மெயின் 12 வோல்ட் வயரை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும், பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை. இக்னிஷன் வயரில் இன்னொரு சிக்கல். ரேடியோவுக்குப் போகும் ஏ.சி.சி. வயரும் சாவி திருப்பினால் 12 வோல்ட் காட்டும், அதனால் பலர் அதையே பிடித்துவிடுகிறார்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது ஏ.சி.சி. விழுந்துவிடும், உண்மையான இக்னிஷன் விழாது. அளக்கும்போது ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

சரி, தானாக அலறுவதற்கு வருவோம். முதலில் அதிர்வு சென்சாரின் சொக்கட்டைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் சென்சாரின் உணர்திறனைக் குறையுங்கள், கரையோர ரயிலுக்கும் சித்திரைப் புத்தாண்டு வெடிக்கும் அலறும் அளவுக்கு அதைக் கூட்டி வைத்து ஒரு பயனும் இல்லை. நிற்கவில்லை என்றால் பொனட் சுவிட்சைப் பாருங்கள். மழை நீரும் கடல் காற்றும் படும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பின் துருப்பிடித்து, மூடியிருக்கும்போதே திறந்திருப்பதாகச் சொல்லும். நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் அதைத்தான்.

அதுவும் இல்லையென்றால் கதவு வயர். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் இது நெகட்டிவ், அதாவது கதவு திறந்தால் அந்த வயர் எர்த்துக்குப் போகும். சில கார்களில் சாரதியின் கதவுக்குத் தனி வயர், மற்றவற்றுக்கு வேறு. சாரதியின் கதவை மட்டும் பிடித்துவிட்டால் பின்கதவைத் திறந்து பையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அலாரம் பேசாமல் இருக்கும். இரண்டு வயரையும் நேராக முறுக்கிச் சேர்த்தாலோ, ஒரு கதவைத் திறந்தாலே டாஷ்போர்டு எல்லாக் கதவும் திறந்திருப்பதாகக் காட்டத் தொடங்கும். நடுவில் டயோடு வேண்டும், அது கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சின்ன உறுப்பு. நெகட்டிவ் வயரில் டயோடின் கோடு போட்ட பக்கம் கதவு சுவிட்சைப் பார்க்க வேண்டும், மாறினால் வேலை செய்யாது. உள்லைட் மெல்ல மெல்ல அணையும் கார்களில் அந்த லைட் வயரையே பிடித்திருந்தால், பூட்டிய உடனே கதவு திறந்திருப்பதாக அலாரம் நினைத்துக்கொள்ளும், லைட் முழுதாக அணைந்த பிறகுதான் சரியாகும்.

லொக் வயரில் நெகட்டிவ் பல்ஸ் (கணநேர எர்த் தொடுப்பு) கேட்கும் இடத்தில் 12 வோல்டைக் கொடுத்தால் மொடியூல் எரியலாம், ஆகவே ஊகிக்காமல் அளந்து பாருங்கள். பயன்படுத்தாத முனைகளை டேப் சுற்றாமல் தொங்கவிடுவதும் வழக்கம், அவற்றில் ஒன்று எங்காவது இரும்பில் உரசும் நாள் வரும்.

சிக்னல் லைட்டுக்கு அலாரத்தில் வழக்கமாக இடது, வலது என இரண்டு வயர் இருக்கும். ஒரே வயர்தான் இருக்கிறதென்று இரண்டு பக்கத்தையும் நேராகச் சேர்த்தால், இடது சிக்னல் போடும்போது வலதும் மினுங்கும். டயோடு போடுவதென்றாலும் கதவுக்குப் போட்ட சின்ன 1 அம்பியர் டயோடு தாங்காது. 21 வாட் பல்பு இரண்டு, பக்க பல்பு ஒன்று என்று ஒரு பக்கமே ஏறத்தாழ 4 அம்பியர் இழுக்கும், 6 அம்பியர் டயோடு வாங்குங்கள்.

ஜொயின்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி வழிந்து கழன்றுவிடும், வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளுக்குள் ஈரம் போய்ப் பச்சை பூக்கும். ஈயம் வைத்து ஒட்டி, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போடுங்கள். சைரனின் வாய் கீழே பார்க்கட்டும்.

காலையில் பெட்டரி இறங்கியிருந்தால் நெகட்டிவ் பக்கம் மீட்டரைத் தொடராக இணைத்து, கதவுகள் மூடிய நிலையில் அரை மணித்தியாலம் வரை பொறுத்து வாசியுங்கள், அந்த நேரம் ஸ்டார்ட் அடித்தால் மீட்டரின் பியூஸ் போகும். 50 மில்லி அம்பியருக்குள் என்றால் பயமில்லை. 300 காட்டினால் 35 அம்பியர் மணிப் பெட்டரி ஐந்து நாளில் காலி. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்களில் 12 வோல்ட் பெட்டரி சிறியது, டாஷ்போர்டில் "ரெடி" என்று வந்த பிறகுதான் சார்ஜும் ஆகும். செம்மஞ்சள் கேபிள் உயர் வோல்ட், தொடவே கூடாது.

ஸ்டார்ட்டை வெட்டும் ரிலேயில் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) கரண்ட் இல்லாதபோது சேர்ந்திருக்கும் 30, 87ஏ என்ற கால்களைப் பாவித்தால், அலாரம் செத்தாலும் கார் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்பை வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொழும்பு-காலி வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ரிலே விட்டுவிட்டால் எஞ்சின் நின்று, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.