காலமைக் கால் மணித்தியாலம்

என்னிடம் நிற்கிற இருபது தொன் பெக்கோ, அதாவது மண் வெட்டுகிற மெசின், 6,200 மணித்தியாலம் ஓடின பிறகுதான் என் கைக்கு வந்தது. இப்போது மீற்றர் 14,000-ஐத் தாண்டிவிட்டது. எஞ்சினை இன்னும் பிரிக்கவில்லை. மாங்குளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் வேலைக்குப் போனால், லீசிங்கில் மெசின் எடுத்த தம்பிமார் வந்து, "அண்ணை, நீங்கள் என்ன ஓயில் விடுறனீங்கள்?" என்று கேட்பார்கள். அவர்கள் விடுகிற அதே 15டபிள்யூ-40தான் நானும் விடுகிறேன். வித்தியாசம் காலமை கால் மணித்தியாலத்தில் இருக்கிறது. லீசிங் கட்டி முடிய முன்னமே மெசின் படுத்துப்போன வீடுகள் எனக்குத் தெரியும். முதல் காசுக்குத் தாலிக்கொடியை அடைவு வைத்தவர்கள் அவர்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சாவியைத் தொடாமல் மெசினை ஒருதரம் சுற்றி வாங்கோ. இரவு நின்ற இடத்து மண்ணைக் குனிந்து பாருங்கோ. புது எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தால் அதற்கு நேர் மேலே எங்கேயோ எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் போகத் தொடங்கிவிட்டது. ஓயில் குச்சியை இழுத்து அளவைப் பார்க்கிறதோடு விட்டுவிடாமல் விரலில் தேய்த்து மணந்தும் பாருங்கோ. டீசல் மணத்தால் டீசல் உள்ளே இறங்குகிறது. பால்தேத்தண்ணி நிறமாய் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். றேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கிற இந்த நேரத்தில் மட்டும் திறவுங்கோ. டீசல் பில்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீர்க் கோப்பையின் திருகைத் தளர்த்தி, ஒரு வெறும் சோடாப் போத்தலில் கொஞ்சம் பிடியுங்கோ. தண்ணீர் இருந்தால் அடியில் கோடு பிரிந்து நிற்கும். பிறகு கிறீஸ். அதன் பிறகுதான் ஸ்டார்ட். ஐந்து நிமிடம் மெதுவாய் ஓடட்டும். ஐதரோலிக் ஓயில் சூடேறும்வரை பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்குகிற நீளக் கையைச் சும்மா ஏற்றி இறக்குங்கோ, எடுத்த எடுப்பிலேயே கிரவலைக் குத்த வேண்டாம்.

வன்னியில் ஒரு எஞ்சினை ஆகக் கெதியாய்க் கொல்வது புழுதி. ஆடி, ஆவணியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது கிரவல் கிடங்குக்குள் நின்றால் பத்து யார் தூரத்தில் நிற்கிற டிப்பர் தெரியாது. அப்படியான ஒரு கிடங்கில் எனக்குப் பக்கத்தில் வேலை செய்த புது மெசின் ஒன்று மூன்று மாதத்தில் புகை கக்கத் தொடங்கியது. ஓயில் குடித்தது. ஓயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து காற்றுப் புஸ்ஸென்று தள்ளியது. சிலிண்டருக்குள் இருக்கிற லைனரும் பிஸ்டன் றிங்கும் தேய்ந்துவிட்டன. காரணம் தேடினால், அதை ஓட்டின பொடியன் மிக அக்கறையான பிள்ளை, ஒவ்வொரு நாளும் எயார் பில்டரைக் கழற்றி, ரயருக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரால் முழு அழுத்தத்தில் ஊதியிருக்கிறான். தாளில் ஊசி முனையளவு ஓட்டை. அந்த ஓட்டையால் நாள் முழுக்க மண் குடித்திருக்கிறது எஞ்சின். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே இதைக் கவனமாய்ப் படியுங்கோ. எயார் பில்டரை ஒவ்வொரு நாளும் திறக்க வேண்டாம். திறக்கிற ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்துக்குள் கொஞ்சம் புழுதி விழும். பில்டர் அடைத்துவிட்டது என்று காட்டுகிற சிவப்பு அடையாளமோ விளக்கோ உங்கள் மெசினில் இருக்கும். அது சொல்லும்போது திறவுங்கோ. ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது, பில்டர் கூட்டின் அடியில் வாத்துச் சொண்டு மாதிரி இருக்கிற றப்பர் வாயை இரண்டு விரலால் நசுக்கி, சேர்ந்த புழுதியைக் கொட்டுவது. அந்த றப்பர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கோ. வெளிப் பில்டரை ஊதினால் உள்ளிருந்து வெளிப்பக்கமாய், 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் ஊதுங்கோ. ரயரில் தட்டுகிற பழக்கத்தை விடுங்கோ, தட்டினால் விளிம்பு நெளிந்து பிறகு இருக்கையில் சரியாய்ப் பொருந்தாது. ஊதின பிறகு உள்ளே ஒரு ரோச் லைற்றைப் பிடித்து இருட்டில் பாருங்கோ, எங்காவது புள்ளியாய் வெளிச்சம் வந்தால் அந்த பில்டர் குப்பைக்கு. உள்ளே இருக்கிற சின்ன பில்டரை ஊதவே கூடாது, மாற்ற மட்டும்தான்.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சுகிற கேத்திலின் அடியைப் பாருங்கோ, வெள்ளைச் சுண்ணாம்பு தகடாய்ப் படிந்திருக்கும். அதே படிவுதான் றேடியேற்றர் குழாய்க்குள்ளும் எஞ்சின் சுவருக்குள்ளும் படியும். சூடு வெளியே போக வழியில்லாமல் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் நெளியும். வேலை நடக்கிற இடத்தில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு கானில் மெசினுக்குள்ளேயே வைத்திருங்கோ. றேடியேற்றரின் வெளிப்பக்கத்தில் வைக்கோல் தூசும் புல் விதையும் அடைத்திருக்கும். காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து மெதுவாய் ஊதுங்கோ. தண்ணீரைப் பீச்சி அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துபோகும்.

டீசலைப் பற்றிச் சொல்வதென்றால் எனக்குத் தொழில் பழக்கின மாமாவில் இருந்துதான் தொடங்கவேணும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிள்களே மண்ணெண்ணெயில் ஓடின. அவர் மண்ணெண்ணெயோடு ஓயில் கலந்து உழவு இயந்திரம் ஓட்டினவர். எதை ஊற்றினாலும் வேட்டித் துணியை நாலாய் மடித்து வடித்துத்தான் ஊற்றுவார். மண்ணெண்ணெய் கலந்ததைப் பழைய பம்ப் தாங்கியது, டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பீச்சுகிற, இப்போது வருகிற கொமன் றெயில் எஞ்சின் தாங்காது. டீசலின் வழுவழுப்பில்தான் அந்தப் பம்பும் இன்ஜெக்டரும் உயிர் வாழ்கின்றன. 2022-இல் எரிபொருள் வரிசையில் நின்ற மாதங்களில் கண்ட கண்ட கானிலும் பரலிலும் சேமித்த டீசலை ஊற்றி எத்தனையோ பேர் இன்ஜெக்டரை இழந்தார்கள். துணியில் வடிக்கிற மாமாவின் பழக்கம் மட்டும் இன்றைக்கும் சரி. பரலில் டீசல் வந்தால் ஒரு நாள் ஆடாமல் வைத்து அடையவிடுங்கோ. உறிஞ்சுகிற குழாயை அடியில் முட்டவிடாமல் நாலு விரல் உயரத்தில் நிறுத்துங்கோ. தாங்கியைக் காலமை நிரப்பாமல் பின்னேரம் வேலை முடிந்ததும் நிரப்புங்கோ. வெறும் தாங்கிக்குள் இரவுக் குளிரில் வியர்க்கிற தண்ணீர்தான் அடுத்த நாள் போத்தலில் கோடாய்த் தெரிகிறது.

கிறீஸ் அடிக்கிறதைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். பக்கெட் பக்கத்துப் பின்களுக்கு ஒவ்வொரு நாளும், தண்ணீருக்குள் வெட்டினால் மத்தியானமும் ஒருதரம். கிறீஸ் ஏற்றுகிற சின்ன முனையான நிப்பிளைத் துடைத்துவிட்டு அடியுங்கோ, இல்லாவிட்டால் நிப்பிளில் ஒட்டின மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதுக் கிறீஸின் நிறம் தெரியும்வரை அடிக்கவேணும். மேல்பகுதி சுற்றுகிற பெரிய பெயாரிங்குக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம், மெசின் புத்தகம் சொல்கிற அளவு போதும்.

செயின் பெக்கோ வைத்திருப்பவர்கள் கீழே பார்க்கவேணும். பராமரிப்புச் செலவில் ஏறக்குறையப் பாதியைச் செயின், றோலர், சில்லு என்று அடிப்பகுதியே தின்றுவிடும். வயற்களி பகலில் ஒட்டி, இரவில் காய்ந்து செங்கல்லாகிவிடும். அடுத்த நாள் றோலர் சுற்றாமல் செயின் அதன் மேல் தேய்த்துக்கொண்டு போகும். பின்னேரமே, களி ஈரமாய் இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்துவிடுங்கோ. சேற்றில் செயினைக் கொஞ்சம் தளர்வாய் விடவேணும், கிரவலில் கொஞ்சம் இறுக்கம். தளர்த்துகிற வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம், அதற்கு நேரே முகத்தை வைக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கிற கிறீஸின் அழுத்தம் ஆளை ஊனமாக்கும். தூரம் நடக்கும்போது ஓட்டுகிற பல்சில்லு பின்பக்கம் இருக்கட்டும். ஒரே இடத்தில் நின்று திருப்பாமல் வளைத்துத் திருப்புங்கோ. ஒரு கிலோமீற்றருக்கு மேல் என்றால் நான் மெசின் ஏற்றுகிற தாழ்ந்த லொறியான லோபெட்டில்தான் ஏற்றுவேன். ஏ-9 வீதியில் போனால் முறிகண்டியில் லோபெட் நிற்கும். சாரதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வருவதற்குள் நான் கட்டின சங்கிலிகளை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிடுவேன்.

ஐதரோலிக் ஹோஸில் புகைமாதிரி மெல்லிய பீச்சல் தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதேங்கோ. ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கோ. ஊசித் துளையால் வருகிற ஓயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் எறும்பு கடித்தமாதிரித் தெரியும், வலி உடனே வராது. அப்படி ஒன்று நடந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஓயில் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று சொல்லவேணும். தாமதித்தால் கையையே இழக்க நேரிடும். ஹோஸ் கழற்றுமுன் பக்கெட்டை நிலத்தில் இறக்குங்கோ. தூக்கி நிறுத்தின பூமுக்குக் கீழே யாரும் போகவே கூடாது.

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது சில மெசின்கள் எஞ்சின் மட்டத்துக்கு முழுகின. தண்ணீர் வடிந்ததும் "ஓடுதோ பாப்பம்" என்று சாவி திருகின ஒருவரின் எஞ்சினில் பிஸ்டனோடு பூட்டியிருக்கிற கொனெக்டிங் றொட் வளைந்தது. தண்ணீர் நசுங்காது, இரும்புதான் வளையும். முழுகின மெசினுக்கு முதல் வேலை பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. பிறகு எஞ்சின் ஓயில், ஐதரோலிக் ஓயில், செயினை ஓட்டுகிற பல்சில்லுக்குள் இருக்கிற பைனல் டிறைவ் ஓயில், டீசல் எல்லாவற்றையும் வடித்து பில்டர்களை மாற்றுங்கோ. இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் ஸ்டார்ட். நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ, காசு பார்க்க வேண்டாம்.

ஆனையிறவு, நாயாறு போன்ற உப்பு மண்ணில் வேலை என்றால் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் கழுவவேணும்.

கார்த்திகையில் வேலை நின்றுவிடும், மெசின் மாரி முழுக்க முற்றத்தில் நிற்கும். மேட்டு நிலத்தில் பலகை போட்டு, சிலிண்டர் தண்டுகள் இயன்றவரை உள்ளே போகிறமாதிரி மடித்து நிறுத்துங்கோ. வெளியே தெரிகிற வெள்ளித் தண்டுக்குக் கிறீஸ் பூசுங்கோ, துரு புள்ளி விழுந்தால் அது சீலை அறுக்கும். புகைக்குழாய்க்கு ஒரு பால்மாப் பேணி கவிழ்த்துவிடுங்கோ. குளவி கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும், சீற்றுக்குக் கீழே பாம்பும் கிடக்கும், தடியால் தட்டிவிட்டு ஏறுங்கோ. வாரம் ஒருதரம் பேணியை எடுத்துவிட்டு, எஞ்சின் நன்றாய்ச் சூடேறும்வரை ஓடவிடவேணும். அதற்கு முன்னும் அதே காலமைச் சுற்று.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று சீற்றுக்குப் பின்னால் இருக்கட்டும். என் கணக்கு இது: 250 மணித்தியாலத்துக்கு எஞ்சின் ஓயிலும் பில்டரும், 500-க்கு டீசல் பில்டர், 1,000-க்கு பைனல் டிறைவ் ஓயில், 2,000-க்கு ஐதரோலிக் ஓயில். உங்கள் மெசின் புத்தகம் வேறு சொன்னால் அதைக் கேளுங்கோ. மாற்றின திகதியும் மீற்றரும் எழுதுங்கோ. கழற்றின ஓயில் பில்டரை வாளால் அறுத்து மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். மினுங்குகிற தூள் இருந்தால் உள்ளே ஒன்று தேயத் தொடங்கிவிட்டது.

இவ்வளவையும் மெசின் முதலாளி செய்ய முடியாது, ஒப்பரேற்றர்தான் செய்யவேணும். பெரும்பாலான இடங்களில் ஒப்பரேற்றருக்கு மீற்றர் ஓடுகிற மணித்தியாலத்துக்குத்தான் காசு. மெசின் நிற்கிற நேரத்தில் குனிந்து மண்ணைப் பார்க்கிறதற்கு அவனுக்கு ஒரு சதமும் இல்லை. பிறகு ஏன் அவன் பார்க்கப் போகிறான்? என் மெசினை ஓட்டுகிற தம்பிக்கு வேலை ஏழரைக்கு, சம்பளம் ஏழேகாலில் இருந்து. பின்னேரம் எஞ்சினுக்குக் காற்றுத் தள்ளுகிற ரேர்போ ஆறுவதற்கு ஐந்து நிமிடம் மெதுவாய் ஓடவிடுகிறானே, அதற்கும் சேர்த்துத்தான். ஏழு வருடமாய் அவன்தான் ஓட்டுகிறான். கிறீஸ் கன் அவனுடைய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருக்கும்.