ஃபோர்ஹேண்ட் மட்டும் ஏன் பறந்தது?
டேபிள் டென்னிஸ் மன்றத்தில் சேர்ந்த முதல் இரண்டு வாரமும் என் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கமாக அடிக்கும்) பந்துகள் மேசையைத் தாண்டியே விழுந்தன. பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்க அடியில், அந்தத் தொல்லை இல்லை. நிற்கும் நிலையை மாற்றினேன், உயர்தரமான மூன்று நட்சத்திரப் பந்துகளும் வாங்கினேன், பயனில்லை. ஒருநாள் தற்செயலாக மட்டையைத் திருப்பிப் பிடித்தபோது கோளாறு பேக்ஹேண்டுக்கு இடம்மாறியதால், விளிம்பைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தேன்: கறுப்பு ரப்பரின் அடியிலிருந்த ஸ்பாஞ்சு, சிவப்புப் பக்கத்தைவிடத் தடித்திருந்தது. ரப்பர்கள் வந்த உறைகளைத் தேடியெடுத்தால் ஒன்றில் 2.1 மி.மீ., மற்றதில் 1.5 மி.மீ. என்று ஓரத்தில் பொடியெழுத்தில் அச்சாகியிருந்தது. தடித்த ஸ்பாஞ்சு வேகமான அடியில் பந்தைக் கூடுதலாக உந்தும். விலை கூடியதே நல்லது என்று நானே கேட்டு வாங்கிய வினை அது. மரப்பலகையை மாற்றாமல், கறுப்பு ரப்பரை மட்டும் உரித்துவிட்டு, அதே ரகத்தில் 1.5 மி.மீ. ரப்பரை நீர்ப்பசையால் ஒட்டிய மறுநாளே பத்துக்கு எட்டுப் பந்துகள் மேசைக்குள் விழுந்தன. அப்பாடா!