ஜாவாஸ்கிரிப்டில் தேதியோடு நாள் கூட்ட

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தேதியோடு பத்து நாள் கூட்ட வேண்டுமா? ஒரு நாளுக்கான 86,400,000 மில்லிசெகண்டை பத்தால் பெருக்கிக் கூட்டாதீர்கள். மாதத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்லும் கெட்டேட் (getDate) தரும் எண்ணோடு 10 சேர்த்து, அதை அப்படியே அந்த நாளை மாற்றும் செட்டேட்டிடம் (setDate) கொடுங்கள். மாதக் கடைசி, லீப் வருடம் எதற்கும் தனியாக இஃப் (if) நிபந்தனை எழுத வேண்டாம். 2024 பிப்ரவரி 25-உடன் பத்தைக் கூட்டினால் 'பிப்ரவரி 35' என்று வரும். செட்டேட் அதை மார்ச் 6 என்று தானே மாற்றிவிடும்.

மில்லிசெகண்டைக் கூட்ட வேண்டாம் என்பதற்கு, எல்லா நாளும் 24 மணி நேரம் இல்லை என்பதுதான் காரணம். நியூயார்க்கில் 2024 நவம்பர் 3 அன்று கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதால் அந்த நாளுக்கு 25 மணி நேரம். அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணியோடு 24 மணி நேரம் கூட்டினால் அதே நவம்பர் 3, இரவு 11 மணியில்தான் நிற்பீர்கள். இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் நம் கணினியில் சோதிக்கும்போது இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அமெரிக்க, ஐரோப்பிய பயனர்களுக்கு எழுதுபவர்கள் இதை அவசியம் கவனியுங்கள்.

செட்டேட் மூலத் தேதியையே மாற்றிவிடும். அதனால் முதலில் நியூ டேட் (new Date) போட்டு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டேட் திருப்பித் தருவதும் தேதி அல்ல, மில்லிசெகண்ட் எண்.

மாதம் கூட்ட இதே வழியை நம்ப வேண்டாம். 2025 ஜனவரி 31-உடன், மாதத்தை மாற்றும் செட்மன்த்தில் (setMonth) ஒரு மாதம் கூட்டினால், 'பிப்ரவரி 31' இல்லாததால் மார்ச் 3 வரும். ஆனால் நாளை அல்ல, மணி நேரத்தையே எண்ணும் 'சரியாக 72 மணி நேரத்தில் காலாவதி' போன்ற கணக்குகளுக்கு மில்லிசெகண்ட்தான் சரி.